ஜிம்னிக்குள் ஒரு பெட்டி: இரண்டு தடவை செய்த கதை

2025 மார்ச், வரட்சியின் கடைசி வாரம். நுவரெலியா மாவட்டத்து ஹைபொரஸ்ட் பக்கத்தில் ஒரு லீக்ஸ் பாத்தி ஓரம் நிற்கிறேன். பகல் முழுவதும் காய்ந்த வெயில் நாலு மணிக்கு மேல் மூடுபனிக்கு இடம் விட்டது. ஐந்தரைக்குத் தூறலும் சேர்ந்துகொண்டது. ஓடையிலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் இரண்டு அங்குல பம்ப், தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கிறது. உறிஞ்சு குழாயின் கழுத்தில் இருந்த ஹோஸ் கிளிப் துருப்பிடித்து அறுந்துவிட்டது. பம்ப் திருத்துவது என் தொழில்; புதிய கிளிப்பைப் போட்டு இறுக்கினால் ஐந்து நிமிட வேலை.

அந்தக் கிளிப் என் வண்டிக்குள்தான் இருந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. பின் கதவைத் திறந்து முதலில் மண்வெட்டியை இறக்கினேன். பிறகு கயிறு, ஸ்பிரிங்ளர் தலைகள் நிறைந்த அரிசிச் சாக்கு, ஸ்பெனர் பெட்டி, மகளின் குடை, யாருக்கோ திருத்திக் கொடுக்க வேண்டிய இன்னொரு பம்ப், ஒரு படங்கு. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் கிளிப். தேடியது முப்பது நிமிடம், பூட்டியது ஐந்து நிமிடம், நனைந்த சாமானை மறுபடி ஏற்றியது இருபது நிமிடம். தோட்டக்காரர் அவ்வளவு நேரமும் டோர்ச் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "தம்பி, இந்த நேரத்துக்கு நான் கந்தப்பளைக்கு நடந்துபோயே ஒன்று வாங்கி வந்திருப்பேன்" என்றார். அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டு சொன்னார்.

அன்று இரவுதான் வண்டிக்குள் பெட்டி கட்டுவது என்று தீர்மானித்தேன். வண்டி சுசுகி ஜிம்னி, 2012 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. 1998 முதல் 2018 வரை வெளிவந்த மூன்றாம் தலைமுறை வகை, 1.3 லீட்டர் பெற்றோல் எஞ்சின், ஏணிச் சட்டகம், முன்னும் பின்னும் முழு அச்சு. கல்லும் குழியுமான தோட்ட வீதிக்கு இதைவிட ஏற்ற வண்டி எனக்குத் தெரியாது. சாமான் ஏற்ற இதைவிடப் பொருந்தாத வண்டியும் தெரியாது. பின் இருக்கை நிமிர்ந்திருந்தால் அதற்குப் பின்னால் இரண்டு மரக்கறிக் கூடைகூட வைக்க முடியாது.

வெளிநாடுகளில் இந்த வண்டிக்கென்றே அலுமினிய லாச்சிப் பெட்டிகள், அதாவது இழுப்பறைப் பெட்டிகள், விற்கிறார்கள். படங்களைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். விலையோடு கப்பல் கூலி, சுங்கவரி என்று கூட்டிப் பார்த்ததும் ஆசை அடங்கிவிட்டது. பெரிய வண்டி வாங்கிவிடலாமே என்று மைத்துனர் கேட்டார். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. கதவு திறந்தது உண்மை; அதன் வழியாக என் போன்ற பம்ப் திருத்துகிறவன் நுழைய முடியுமா என்பது வேறு கதை. இருக்கிற வண்டியைச் சீராக்குவதுதான் வழி.

மகள் ஒன்பது வயது. காலையில் அவளைப் பாடசாலையில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். ஆகவே பின் இருக்கை முழுவதையும் கழற்ற முடியாது. நல்ல காலமாக இந்த வண்டியில் பின் இருக்கை நடுவில் பிரிந்து இரண்டு பாதிகளாக இருக்கிறது. வலப் பாதியை, அதாவது சாரதிக்குப் பின்னால் இருப்பதைக் கழற்றிப் பெட்டி வைப்பது, இடப் பாதியை மகளுக்கு விடுவது என்று முடிவு. இறங்கும்போது அவள் வீதியோரப் பக்கமாகவே இறங்குவாள். ஆனால் இந்த முடிவோடு ஒரு பொறுப்பும் ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கப்போகும் பெட்டி, எந்த நிலையிலும் இடம்பெயரக் கூடாது. அதைப் பிறகு சொல்கிறேன்; முதலில் நான் செய்த பிழைகள்.

முதல் பெட்டி

சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன். 12 மில்லிமீட்டர் மெரைன் பிளைவுட், எட்டுக்கு நாலு அடி முழுப் பலகை ஒன்று. கடையிலிருந்து வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டு வந்தபோதே அதன் எடை எனக்கு ஏதோ சொல்லப் பார்த்தது. நான் கேட்கவில்லை. அந்த அளவுப் பலகை ஏறத்தாழ 20 கிலோ.

ஒரு நல்ல காரியம் செய்தேன்: பலகையை வெட்டும் முன் கார்ட்போர்ட் பெட்டிகளைப் பிரித்து மாதிரி வெட்டிப் பார்த்தேன். வண்டிக்குள் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. சக்கரத்தின் மேலுள்ள வளைவு உள்ளே பிதுங்கி நிற்கும். தரை ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் பள்ளம். நாடாவால் அளந்து எழுதிய கணக்கு எனக்கு மூன்று இடங்களில் பொய்யானது. கார்ட்போர்ட் ஒரு இடத்திலும் பொய் சொல்லவில்லை. கடைசியில் பெட்டியின் அளவு 860 மில்லிமீட்டர் நீளம், 440 அகலம், 260 உயரம் என்று வந்தது. உயரம் அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டேன். பின் கண்ணாடியை மறைத்தால் ராகலை வளைவுகளில் பின்னால் வரும் பஸ் தெரியாது.

இந்த நீளம் முழுவதையும் ஒரே லாச்சியாக்கினேன். பின் கதவைத் திறந்து இழுத்தால் முழு லாச்சியும் வெளியே வரும். அதற்குக் குண்டு பொருத்திய கனரக இரும்பு ஓடுபாதை இரண்டு, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வரவழைத்தேன். உள்ளே சாம்பல் நிற கார்பெட் ஒட்டினேன். முற்றத்தில் வைத்து இழுத்துத் தள்ளிப் பார்த்தபோது, வங்கியின் பாதுகாப்புப் பெட்டகம் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மனைவிகூடப் பாராட்டினாள். முற்றம் சமதரையாக இருந்ததுதான் பிழை.

மலைநாட்டில் சமதரையில் வண்டி நிறுத்துவது எத்தனை நாள்? முதல் வேலை நாளில், மூக்கு மேலே பார்த்தபடி ஏற்றத்தில் நிறுத்திப் பின் கதவைத் திறந்தேன். முப்பது கிலோ சாமானோடு லாச்சி தானாகப் புறப்பட்டு வந்து என் வயிற்றில் இடித்தது. வாகனங்களுக்கென்று செய்த நல்ல ஓடுபாதைகளில் பூட்டு இருக்கும். நான் வாங்கியது அலுமாரிக்கானது.

இரண்டாவது நாள் வேறு பாடம். ஜிம்னியின் பின் கதவு வலப்பக்கக் கீலில் பக்கவாட்டில் திறக்கும். அதன் முதுகில் மாற்றுச் சக்கரம் தொங்குகிறது. வண்டி கானோரமாக இடப்பக்கம் சரிந்து நின்றால் அந்தக் கதவு தன் பாரத்தாலேயே திரும்பச் சாத்திக்கொள்ளும். நான் லாச்சியை முழுதாக இழுத்து, குனிந்து ஸ்பெனர் தேடிக்கொண்டிருந்தேன். கதவு வந்து லாச்சியின் பக்கத்தில் மோதி, ஒரு ஓடுபாதையை வளைத்தது. நடுவில் என் கை இல்லாதது யார் செய்த புண்ணியமோ.

மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்தது. அப்போது மூன்றாவது குற்றம் வெளியே வந்தது, என் கணக்கில் இதுதான் பெரியது. ஒரு சின்ன வாஷர் எடுக்க வேண்டுமென்றாலும் முழு லாச்சியையும் மழைக்குள் நீட்ட வேண்டும். சாமான் எல்லாம் நனையும். கார்பெட் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டது. நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் ஈரம் காயாது. பத்து நாளில் லாச்சியின் மூலையில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். வண்டிக்குள் ஏறினாலே ஊறிய சாக்கு நாற்றம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடசாலைக்குப் போனாள்.

மரக்கறி சேகரிக்கும் இடத்துத் தராசில் வெறும் பெட்டியை ஏற்றிப் பார்த்தேன். 27 கிலோ. இந்த வண்டி ஆட்களோடும் சாமானோடும் சேர்த்து 1,420 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வெறும் வண்டியே ஆயிரத்துச் சொச்சம். மிச்சமிருக்கும் முந்நூற்றுச் சொச்சத்தில் நான், மகள், ஒரு பம்ப், கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும். அதில் 27 கிலோவை ஒன்றும் இல்லாத பலகைக்குக் கொடுத்திருக்கிறேன்.

தேயிலைப் பெட்டி அடித்தவர்

ராகலையில் எனக்குத் தெரிந்த ஒரு தச்சர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வளைந்த ஓடுபாதையை நிமிர்த்த முடியுமா என்று கேட்கப் போனேன். அவர் ஓடுபாதையைப் பார்க்கவில்லை. பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதற்குள் யானைக்குட்டி ஏதும் கொண்டுபோகிறாயா தம்பி?"

"கருவிகள்தான் மாமா. உறுதியாக இருக்கட்டும் என்று."

அவர் உள்ளே போய் ஒரு பழைய தேயிலைப் பெட்டியை இழுத்து வந்தார். இன்றைக்குத் தேயிலை காகிதச் சாக்குகளில் போகிறது. முன்பு மரப்பெட்டிகளில் போனது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டிலும் ஒன்று துணி வைக்கும் பெட்டியாகக் கிடந்தது. கையில் எடுத்தால் பிளைவுட் அவ்வளவு மெல்லியது, அழுத்தினால் உள்வாங்கும். ஆனால் எல்லா விளிம்புகளிலும் தகரப் பட்டி மடித்து ஆணி அடித்திருக்கும். ஐம்பது கிலோ வரை தேயிலை நிரப்பி, லொறியில் ஏற்றி, கப்பலில் அடுக்கி, இன்னொரு நாட்டில் இறக்கும் வரை அது பிரியாது. மாமா அதைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி நின்று காட்டினார். நான் பயந்து கையைப் பிடித்தேன்.

பலம் பலகையின் தடிப்பில் இல்லை, விளிம்பில் இருக்கிறது என்பது அவர் பாடம். மூலை விரியாமல் பிடித்துவிட்டால் நடுவில் மெல்லிய பலகை போதும். அடிப்பலகை மட்டும் 12 மில்லிமீட்டராக இருக்கட்டும், ஏனென்றால் அதில்தான் வண்டியோடு பிடிக்கும் போல்ட்டுகள் வரும். பக்கங்களும் மூடியும் 6 மில்லிமீட்டர். விளிம்பெல்லாம் தகரத்துக்குப் பதிலாக ஒரு அங்குல அலுமினிய எல் பட்டி, பொப் ரிவெட் அடித்து. இப்படித்தான் இரண்டாவது பெட்டி உருவானது.

அவர் கேட்ட அடுத்த கேள்வி எனக்கு இன்னும் உதவியாக இருந்தது. "ஒரு நாளில் எந்தச் சாமானை எத்தனை தடவை எடுக்கிறாய்?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரம் பம்ப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணினேன். ஹோஸ் கிளிப், குழாய்ப் புரியில் சுற்றும் திரெட் டேப், பிளக் ஸ்பெனர், திருப்புளி, டோர்ச் ஆகியவைதான் கோடுகளில் பெரும்பாலானவற்றைத் தின்றிருந்தன. பம்ப்பின் மெக்கானிக்கல் சீல், ஃபுட் வால்வ் போன்றவை நாளுக்கு ஒரு தடவை. இழுவைக் கயிறு, அதைக் கொளுவும் ஷெக்கில், ஜெக் ஆகியவை வாரம் முழுவதும் ஒரு தடவைகூட இல்லை. முதல் பெட்டியில் இவை எல்லாமே ஒரே லாச்சியில், ஒரே மரியாதையோடு கிடந்தன.

இரண்டாவது பெட்டி

நீளத்தை மூன்றாகப் பிரித்தேன். பின் கதவுப் பக்கம் 400 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குட்டி லாச்சி. அது வெளியே வந்தாலும் ஒரு முழம்தான் நீளும், திறந்து வைத்த பின் கதவோரம் உடம்பால் மறைத்துக்கொண்டால் மழை உள்ளே விழாது. அதற்கு முன்னால் மேலே மூடி திறக்கும் தொட்டி. இதை வண்டிக்கு உள்ளிருந்தே, இடப் பின் இருக்கையில் உட்கார்ந்தபடி திறக்கலாம். மூன்றாவது, பின் இருக்கைப் பயணி கால் வைக்கும் பள்ளம். வலப்பக்கத்தில் இப்போது அங்கே யாரும் கால் வைப்பதில்லை. பாரமானதும் அரிதாக எடுப்பதுமான ஷெக்கில், இழுவைக் கயிறு, ஜெக் எல்லாம் அந்தப் பள்ளத்தில், மேலே ஒரு பலகை மூடியோடு. பாரம் எவ்வளவு தாழ இருக்கிறதோ அவ்வளவுக்கு வண்டி வளைவில் ஆடாது. ஜிம்னி ஒடுங்கிய, உயரமான வண்டி. கூரைக்குப் பாரம் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

குண்டு ஓடுபாதையைத் தூக்கி எறிந்தேன். அதற்குப் பதிலாகச் சமையலறையில் மரக்கறி வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை வாங்கி, ஒரு அங்குல அகலப் பட்டிகளாக அரிந்து லாச்சியின் அடியிலும் பக்கத்திலும் திருகினேன். திருகாணித் தலை வெளியே துருத்தாமல் குழி பறித்து இறக்க வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பலகையைக் கீறிவிடும். அந்தப் பிளாஸ்டிக் தண்ணீர் குடிக்காது, துருப்பிடிக்காது, சேறு பட்டால் துடைத்துவிடலாம். கொஞ்சம் இறுக்கமாக நகரும். அந்த இறுக்கம்தான் எனக்கு வேண்டும்: சாதாரண ஏற்றத்தில் லாச்சி நின்ற இடத்தில் நிற்கிறது. மிகவும் இறுகினால் மெழுகுவர்த்தியால் ஒரு தேய்ப்பு.

அதை மட்டும் நம்பவில்லை. லொறிகளின் பக்கப் பெட்டிகளில் இருக்குமே, மடக்கி அழுத்தினால் இறுகும் கொண்டி, அதில் இரண்டு போட்டேன். காந்தப் பூட்டு, வெல்க்ரோ இரண்டையும் முதலில் பரிசோதித்தேன். கல்லு ரோட்டில் காந்தம் இரண்டு மைல் தாங்கவில்லை. வெல்க்ரோ சேறு புகுந்ததும் ஒட்டுவதை மறந்துவிட்டது.

போல்ட்டும் துளையும்

இனி, பெட்டி இடம்பெயராமல் பார்க்கும் அந்தப் பொறுப்பு. கணக்கு எளிது: மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், கட்டாமல் கிடக்கும் 8 கிலோ கருவிப் பெட்டி ஏறத்தாழ 100 கிலோ எடைபோல முன்னால் தள்ளும். முழுப் பெட்டியும் நிரம்பினால் நாற்பது கிலோ வரும். அது ஐந்நூறு கிலோவாக மாறும். சாரதி இருக்கைக்குப் பின்னால் நானே வைத்துக்கொள்ளும் குண்டு அது. இரண்டு மரத் திருகாணியும் ஒரு ரப்பர் கயிறும் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

கழற்றிய இருக்கையின் போல்ட் ஓட்டைகள் இரண்டு முன்பக்கம் கிடைத்தன. அவை வண்டித் தரையில் வலுவூட்டிய இடங்கள். அங்கே பழைய போல்ட்டுகளையே பயன்படுத்தினேன். பின்னால், அந்த இருக்கைக்குரிய சீட் பெல்ட்டின் தரைப் பிடிப்பு ஒன்று இருந்தது. பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஓட்டைக்கு நீளமான போல்ட் தேடி ஹாட்வெயார் கடைக்குப் போனேன். 10 மில்லிமீட்டர் போல்ட் உள்ளே தொளதொளவென்று ஆடியது. 12 மில்லிமீட்டர் வாயிலேயே மறுத்தது. கடைக்காரர் 12ஐ எண்ணெய் பூசி ஸ்பெனரால் திருகிப் பார்க்கச் சொன்னார். அப்படிச் செய்திருந்தால் புரி போய்விட்டிருக்கும். ஜப்பான் வண்டியானாலும் சீட் பெல்ட் பிடிப்பு மில்லிமீட்டர் கணக்கில் இல்லை. அது 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. உலகத்தின் பெரும்பாலான கார்களில் இதே அளவுதான். பழைய சாமான் கடையில் இன்னொரு வண்டியின் சீட் பெல்ட் போல்ட்டை எடுத்ததும் விரலாலேயே திருகிக்கொண்டு போனது. யாராவது அமர்ந்து பயணிக்கும் இருக்கையின் பெல்ட் பிடிப்பில் மட்டும் கைவைக்க வேண்டாம். மகள் அமரும் இருக்கையையும் அதன் பெல்ட்டையும் நான் தொடவே இல்லை.

நாலாவது பிடிப்புக்குத் தரையில் புதிதாகத் துளை போட வேண்டியிருந்தது. டிரில்லைக் கையில் எடுத்துவிட்டேன். ஏதோ ஒரு நினைப்பில் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நான் பென்சிலால் குறித்த இடத்துக்கு நேர் கீழே பெற்றோல் குழாய். எழுந்து வந்து ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, இரண்டரை அங்குலம் தள்ளிக் குறித்தேன். துளையின் ஓரத்தைச் சுரண்டி, துத்தநாகப் பெயின்ட் இரண்டு பூச்சு, மேலே ரப்பர் வாஷர், கீழே கையகல இரும்புத் தட்டு. தட்டில்லாமல் வெறும் வாஷர் வைத்தால் மெல்லிய தரைத் தகரத்தை போல்ட் கிழித்துக்கொண்டு வந்துவிடும். துளையைப் பெயின்ட் பூசாமல் விட்டால் எங்கள் பக்கத்து ஈரத்தில் ஒரு வருடத்தில் துரு தட்டு அகலத்துக்குப் படரும்.

போல்ட்டுகளை ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி இறுக்கினேன். மரம் அமுங்கும், நாலு போல்ட்டுகளில் மூன்று, ஒவ்வொன்றும் கால் சுற்று அளவுக்கு இடம் கொடுத்திருந்தன.

ஈரம், சத்தம், பைகள்

கார்பெட் வேண்டாம் என்று தீர்மானித்தது போக, பிளைவுட்டின் வெட்டு முகங்களில்தான் கவனம் தேவை. தண்ணீர் மேற்பரப்பைவிட விளிம்பால்தான் அதிகம் புகும். எல்லா வெட்டு முகங்களுக்கும் வார்னிஷ் மூன்று பூச்சு, துளைகளின் உள்ளேயும் ஒரு தூரிகை. தொட்டியின் அடியில் விரல் நுழையும் அளவில் நாலு ஓட்டை; தண்ணீர் வடிய மட்டுமல்லாமல் காற்று ஏறவும். நனைந்த சாமானை மூடி வைத்தால் எந்தப் பெட்டியும் பூஞ்சணப் பண்ணைதான். நனைந்ததை வைக்க வேறு இடம் வேண்டும் என்று, பின் கதவின் உட்புறத்தில் வலைப்பை ஒன்று தொங்கவிட்டேன். மழைக்கோட்டும் கையுறையும் அங்கேயே சொட்டிக்கொண்டு கிடக்கும்.

சத்தம் இன்னொரு எதிரி. கல்லு ரோட்டில் ஒரு ஸ்பெனர் பெட்டி போடும் சத்தம் திருவிழாத் தப்புக்கு நிகர். பழைய டியூப்பை வெட்டி லாச்சியின் அடியில் விரித்தேன், மூடி உட்காரும் விளிம்பிலும் ஒட்டினேன். ஸ்பெனர்களைக் கன்வஸ் சுருளில் போட்டுச் சுருட்டிக் கட்டினேன். இருக்கை உறை தைக்கும் கடையில் சுருளைத் தைத்தபோது தையல்காரர் பருத்தி நூல் போடப் பார்த்தார். நைலோன் நூல்தான் வேண்டும் என்று நின்று வாங்கினேன். பருத்தி எங்கள் ஊர் ஈரத்துக்கு இரண்டு வருடம் தாங்காது.

அதே தையல்காரரிடம் முன் இருக்கையின் முதுகுக்குப் பை தைத்தேன். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய சீட் பெல்ட் நாடாவைக் குறுக்கே வரிசையாகத் தைத்து, அதில் கோக்கும்படி ஐந்து சின்னப் பைகள். பில் புத்தகத்தில் கோடு வாங்கிய ஐந்து சாமான்களுக்கு ஒவ்வொன்று. இடப்பக்க முன் கதவைத் திறந்து கையை நீட்டினால் இருட்டிலும் ஹோஸ் கிளிப் கிடைக்கும். செலவில் மிகக் குறைந்தது இதுதான், பயனில் முதலாவதும் இதுதான். நேர்மையாகச் சொன்னால், முதலில் இதைச் செய்திருந்தால் பெட்டியை இன்னும் சின்னதாகவே கட்டியிருப்பேன்.

கூரையில் வலை கட்டும் யோசனையும் வந்தது. கட்டினேன், ஒரு வாரத்தில் அவிழ்த்தேன். குளிர் காலையில் உள்ளே நாம் விடும் மூச்சு கூரைத் தகரத்தில் வியர்த்து, வலையில் வைத்த பில் புத்தகத்தில் சொட்டுகிறது. தவிர, குழியில் விழுந்தெழும்போது தலையில் முட்டுகிறது.

வெறும் பெட்டியின் எடை இப்போது 14 கிலோ. கழற்றிய அரை இருக்கையைக் கழித்தால் வண்டிக்கு மேலதிகமாக ஏறியது சொற்பம். சாரதியும் பெட்டியும் ஒரே பக்கம் என்பதால் வண்டி சாயுமே என்று பயந்து, சமதரையில் இரண்டு பக்கச் சக்கர வளைவின் உயரத்தையும் அளந்தேன். எல்லாம் ஏற்றி, நானும் ஏறி, மனைவி அளந்தாள். வலப்பக்கம் ஏழு மில்லிமீட்டர் தாழ்வு. இதற்காக இடப்பக்கத்தில் மூட்டை வைக்க வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் சேர்த்துச் செலவு ஐம்பத்தோராயிரம் ரூபாய். இரண்டாவதை மட்டும் கணக்கிட்டால் பத்தொன்பதாயிரம், அதிலும் முதல் பெட்டியின் பலகையை அறுத்து அடிப்பலகையாக்கியது சேரவில்லை. மாமா கூலி வாங்கவில்லை. அவர் வீட்டுக் கிணற்று மோட்டாரைத் திருத்திக் கொடுத்தேன்.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. மலைநாட்டில் அது செய்ததை நான் இங்கே எழுத வரவில்லை. இழந்தவர்கள் பக்கத்து வீடுகளிலேயே இருக்கிறார்கள். எங்கள் சிறு வீதியில் சரிந்த மண்ணை ஒதுக்க ஆட்கள் கூடினபோது என் வண்டியும் போனது. விடியும் முன், மின்சாரம் இல்லை, டோர்ச் ஒன்றுதான். பள்ளத்து மூடியைத் திறந்தேன். இழுவைக் கயிறும் ஷெக்கிலும் கை வைத்த இடத்தில் இருந்தன. மண்வெட்டியும் அலவாங்கும் பெட்டிக்கும் சக்கர வளைவுக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய சந்தில், வாரால் கட்டியபடி. அலவாங்கை எடுக்க வார் அவிழ்க்கும்போது கொக்கி உறைந்த விரலுக்குப் பிடிபடவில்லை, பல்லால் இழுத்தேன். மறுவாரம் அந்தக் கொக்கியைப் பெரியதாக மாற்றினேன்.

ஏழு மாதத்துக்குப் பிறகு ஜனவரியில் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். போல்ட்டுகள் அசையவில்லை. அடித் தட்டில் துரு இல்லை. லாச்சியின் வலப் பின் மூலையில் ரிவெட் இரண்டு தளர்ந்திருந்தன. அங்கே சின்ன போல்ட் போட்டேன். வெள்ளைப் பட்டிகள் தேய்ந்து பளபளவென்று ஆகி, லாச்சி முன்பைவிட இலேசாக ஓடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் கொண்டியைப் போட மறக்கக் கூடாது. தொட்டியின் ஒரு ஓட்டையைக் காய்ந்த சேறு அடைத்திருந்தது. இருக்கை முதுகுப் பைகளில் ஐந்தாவது, திரெட் டேப்புக்குரியது, டேப் இல்லாமல் இருந்தது. அதற்குள் இரண்டு வண்ணப் பென்சிலும் பாதி தின்ற பிஸ்கட் பக்கெட்டும். திரெட் டேப் சாரதிக் கதவுப் பையில் கிடந்தது. மகள் அதைக் கவனமாக ஒரு ஷொப்பிங் பேக்கில் சுற்றி வைத்திருந்தாள். தையல்காரரிடம் ஆறாவது பைக்குச் சொல்லியிருக்கிறேன்.